தலையெழுத்து தலையில் இல்லை!

டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அதற்கும் நம் வீட்டு ரத்தசோகைக்கும் என்ன சம்பந்தம்? திற்பரப்பிலிருந்து ஒரு சித்த மருத்துவர் விளக்குகிறார்.

'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்பார்கள். முதல் பாதியைத்தான் நாம் அடிக்கடி சொல்கிறோம். இரண்டாம் பாதியை யோசித்துப் பார்ப்பதில்லை. சேலையின் குணம் நூலில் இருக்கிறது, சரி. பிள்ளையின் சாயலைக் கொண்டுவரும் நூல் எது? அது உடம்பில் எங்கே இருக்கிறது?

எங்கள் குமரி மாவட்டத்து மட்டி வாழையை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம். தாய் வாழையின் பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால் அதே மட்டிதான், அதே மணம்தான். திற்பரப்பைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் இதே கதை. நல்ல பால் தரும் ரகத்தின் கண்ணை எடுத்து, இன்னொரு நாற்றின் தண்டில் ஒட்டுக் கட்டுகிறார்கள். கோட்டயத்தில் உள்ள இந்திய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980-ல் வெளியிட்ட 105 என்ற ரகத்தின் மரங்கள் எத்தனை லட்சம் நின்றாலும், பால் தரும் பகுதி எல்லாமே ஒரே தாய்மரத்தின் படிகள்தான்.

மனிதப் பிள்ளை அப்படி இல்லை. தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி வாங்கிக்கொண்டு பிறக்கிறது. ஆனால் வாழைக்கும் ரப்பருக்கும் மனிதனுக்கும் அந்த நூல் ஒரே சரக்கால் ஆனதுதான். அதன் பெயர் டி.என்.ஏ.

'சித்த வைத்தியருக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை?' என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. "வைத்தியரே, பிள்ளைக்கு ரத்தம் வைக்கவே மாட்டேங்கு. இவளுக்க அம்மைக்கும் இதே வெளுப்புதான்" என்று சொல்லிக்கொண்டு வருகிற குடும்பங்கள் உண்டு. கீரை கொடுத்தாயிற்று, பேரீச்சம்பழம் கொடுத்தாயிற்று, இரும்பு மாத்திரையும் செந்தூரமும் கொடுத்தாயிற்று. ஆனாலும் வெளுப்பு மாறவில்லை. இப்படிப்பட்ட வெளுப்பில் ஒரு பங்கு சாப்பாட்டுக் குறையால் வருவதில்லை, டி.என்.ஏ.யில் உள்ள ஒரே ஓர் எழுத்துப் பிழையால் வருவது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் அந்த எழுத்தைப் பார்த்துவிடலாம்.

சீழில் கிடைத்த பொருள்

1869-ல் ஃபிரெடரிக் மீஷர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு இளம் மருத்துவர், ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டிய துணிகளை வாங்கி வந்து, அவற்றில் ஒட்டியிருந்த சீழைக் கழுவி எடுத்தார். சீழ் என்பது பெரும்பாலும் செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான். அந்த அணுக்களின் நடுவில் இருக்கும் உட்கருவிலிருந்து, அதுவரை யாரும் அறியாத ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். நாம் இன்று டி.என்.ஏ. என்று சொல்வது அதைத்தான். டீஆக்ஸி ரைபோ நியூக்ளிக் அமிலம் என்பது அதன் முழுப்பெயர்.

நம் உடம்பில் 30 லட்சம் கோடிக்கும் மேற்பட்ட செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு செல்லின் உட்கருவை ஒரு மில்லிமீட்டருக்குள் நூறுக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அத்தனை சிறியது. அதற்குள் இருக்கும் டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று சேர்த்தால் சுமார் 2 மீட்டர் வரும். நாலு முழ வேட்டி நீளம்! பந்தாகச் சுற்றி, 46 கட்டுகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுகளுக்குத்தான் குரோமோசோம் என்று பெயர். 23 அம்மா கொடுத்தது, 23 அப்பா கொடுத்தது.

முறுக்கிய நூலேணி

இதன் அமைப்பை 1953-ல் ஜேம்ஸ் வாட்சன், ஃபிரான்சிஸ் கிரிக் இருவரும் வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் எடுத்த எக்ஸ்-ரே படங்கள் இல்லாமல் அது கிடைத்திருக்காது.

ஒரு நூலேணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் இரு முனைகளையும் பிடித்து முறுக்குங்கள். அதுதான் டி.என்.ஏ. இரண்டு பக்கக் கயிறுகளும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. நடுவில் உள்ள படிகள்தான் எழுத்துகள். மொத்தம் நான்கே எழுத்துகள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். சுருக்கமாக ஏ, டி, ஜி, சி.

ஒவ்வொரு படியும் இரண்டு எழுத்துகள் கைகோத்து உண்டாவது. ஏ எப்போதும் டி-யோடுதான் சேரும். ஜி எப்போதும் சி-யோடுதான் சேரும். இதில் ஜோடி மாறுவதில்லை. அதனால் என்ன லாபம்? ஏணியை நெட்டாக இரண்டாகப் பிளந்தாலும், ஒரு பாதியைப் பார்த்து மறுபாதியை எழுதிவிடலாம். செல் ஒன்று இரண்டாகப் பிரியும் முன்பு இதுதான் நடக்கிறது. ஸிப் திறப்பது போல ஏணி திறக்கிறது. இரண்டு பாதிகளும் தத்தம் துணையைச் சேர்த்துக்கொள்கின்றன. ஓர் ஏணி இரண்டாகிவிடுகிறது. அம்மாவிடமிருந்து சுமார் 300 கோடி படிகள், அப்பாவிடமிருந்து சுமார் 300 கோடி படிகள். இத்தனையையும் படியெடுத்து, பிழை பார்த்து, திருத்தியும் வைக்கிறது செல்.

மூல ஏடும் படியும்

வைத்தியக் குடும்பங்களில் பழைய ஏட்டுச்சுவடியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். மருந்து செய்கிற இடத்துக்கு அதைக் கொண்டுபோக மாட்டார்கள். புகையும் எண்ணெயும் பட்டால் ஏடு கெட்டுவிடும். தேவையான பாட்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவார்கள். மருந்து செய்து முடிந்ததும் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். மூல ஏடு பத்திரம்.

செல்லும் அப்படித்தான் செய்கிறது. மூல ஏடாகிய டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. எந்தப் பொருளைச் செய்ய வேண்டுமோ அதற்குரிய பகுதியை மட்டும் படியெடுத்து வெளியே அனுப்புகிறது. அந்தத் தாள்தான் ஆர்.என்.ஏ. மூல ஏட்டில் ஒரு பொருளுக்குரிய பகுதியை ஜீன் என்கிறோம். புரதம் செய்வதற்கான ஜீன்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன.

ஆர்.என்.ஏ.க்கும் டி.என்.ஏ.க்கும் வித்தியாசம் மூன்று. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் ஒற்றை இழை, ஏணியில் பாதி. அதன் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் கூடுதல். அதனால் சீக்கிரம் சிதைந்துவிடும். டி என்ற எழுத்துக்குப் பதிலாக யுராசில் என்ற யு இருக்கும். சீக்கிரம் சிதைவது குறையா? இல்லை. வேலை முடிந்த தாள் கிழிந்து போனால்தானே செல் அடுத்த வேலையைப் பார்க்க முடியும்!

இந்த இரண்டின் வேலைப் பங்கீட்டை உங்கள் ரத்தத்திலேயே பார்க்கலாம். எலும்பு மஜ்ஜையில் நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள் உற்பத்தியாகின்றன. ஒவ்வொரு சிவப்பணுவும் ரத்த ஓட்டத்துக்கு வரும் முன்பு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. மூல ஏடு போய்விட்டது! ஆனால் ஏற்கெனவே எடுத்து வைத்த ஆர்.என்.ஏ. படிகளை வைத்து ஓரிரு நாள் ஹீமோகுளோபின் செய்துகொண்டே இருக்கும். பிறகு படிகளும் தீர்ந்துவிடும். உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினோடு சுமார் 120 நாள் ஓடி உழைக்கும். லேபில் 'ரெட்டிகுலோசைட்' என்று எண்ணிச் சொல்கிறார்களே, அது இந்த ஆர்.என்.ஏ. இன்னும் மிச்சமிருக்கும் இளம் சிவப்பணுக்களின் கணக்குத்தான்.

மூன்றெழுத்துச் சொற்கள்

ஆர்.என்.ஏ. எழுத்துகளை எப்படிப் படிப்பது? மூன்று மூன்றாகப் படிக்க வேண்டும். நான்கு எழுத்துகளை வைத்து மூன்றெழுத்துச் சொற்கள் 64 எழுதலாம். அவற்றில் 61 சொற்கள் ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். மூன்று சொற்களுக்கு 'இத்தோடு நிறுத்து' என்று பொருள். எந்தச் சொல்லுக்கு எந்த அமினோ அமிலம் என்ற அகராதியைத் தொகுத்தவர்களில் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர். 1968-ல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தச் சொற்களைப் படித்து, அமினோ அமிலங்களைக் கோத்து, புரதமாக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். அந்தப் பட்டறையே பெரும்பகுதி ஆர்.என்.ஏ.யால் ஆனது. அமினோ அமிலங்களைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுக்கும் எடுபிடியும் இன்னொரு வகை ஆர்.என்.ஏ.தான். ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாகக் கண்டறிந்ததற்காக 2009-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர், 1952-ல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கடராமன் ராமகிருஷ்ணன்.

ஆக, வரிசை இதுதான்: டி.என்.ஏ.யில் எழுத்து, ஆர்.என்.ஏ.யில் படி, ரைபோசோமில் புரதம். இனி எழுத்துப் பிழைக்கு வருவோம்.

'எட்டு', 'எட்டி' ஆனால்?

'மிளகு எட்டு' என்று ஏட்டில் இருக்கிறது. படியெடுப்பவர் கை தவறி 'மிளகு எட்டி' என்று எழுதிவிட்டார். எட்டிக் கொட்டை கொடிய விஷம் என்பது உங்களுக்குத் தெரியும். மாறியது ஓர் எழுத்துத்தான். மருந்து விஷமாகிவிட்டது.

ஹீமோகுளோபின் என்பது ஆல்ஃபா சங்கிலி இரண்டும் பீட்டா சங்கிலி இரண்டும் சேர்ந்த புரதம். பீட்டா சங்கிலிக்கான ஜீன் 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்தச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்கான சொல் 'ஜி-ஏ-ஜி'. நடுவில் உள்ள ஏ, டி-யாக மாறினால் வேறு அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்ற 145-ம் சரியாக இருந்தாலும், இப்படிப்பட்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைக் கொடுத்த பிறகு ஒன்றோடொன்று ஒட்டி, குச்சி குச்சியாகிவிடுகிறது. வட்டமான சிவப்பணு அரிவாள் போல வளைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைக்கிறது. கை கால்களில் தாங்க முடியாத வலி, அடிக்கடி சோகை, சிறு வயதிலேயே நோய்த்தொற்று. இதுதான் அரிவாள் செல் சோகை.

இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது நம் நீலகிரியில்தான். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அங்குள்ள மலைவாழ் மக்களின் ரத்தத்தில் இதைக் கண்டு எழுதினார்கள். 2023 ஜூலையில் மத்திய அரசு, 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பது என்ற இலக்கோடு நாடு தழுவிய இயக்கத்தைத் தொடங்கியது.

இடைச்செருகலால் வரும் வெளுப்பு

'நமக்கும் மலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைத்துவிடாதீர்கள். இதே பீட்டா ஜீனில் வரும் இன்னொரு வகைப் பிழை எந்த ஊரிலும், எந்தச் சாதியிலும் உண்டு. அதுதான் தலசீமியா. இந்தியாவில் நூற்றுக்கு மூன்று, நான்கு பேரிடம் இந்தப் பிழை இருப்பதாக மதிப்பிடுகிறார்கள்.

பழைய சுவடிகளில் இடைச்செருகல் என்று சொல்வோம் அல்லவா, நம் ஜீன்களிலும் இடைச்செருகல்கள் உண்டு. ஆர்.என்.ஏ. படியில் அவற்றை வெட்டி நீக்கி, மிச்சத்தை ஒட்டித்தான் ரைபோசோமுக்கு அனுப்ப வேண்டும். பீட்டா ஜீனில் இப்படி இரண்டு இடைச்செருகல்கள். வெட்டும் இடத்தைக் காட்டும் எழுத்துகளில் பிழை வந்தால், கத்தரிக்கோல் தவறான இடத்தில் வெட்டிவிடும். முதல் இடைச்செருகலின் ஐந்தாவது எழுத்து ஜி-க்குப் பதில் சி ஆகிவிடுவதுதான் நம் நாட்டில் மிக அதிகமாகக் காணப்படும் தலசீமியாப் பிழை. விளைவு, பீட்டா சங்கிலி போதிய அளவு உற்பத்தியாவதில்லை.

அம்மா, அப்பா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் பிழையான ஜீன் வந்தால், மற்ற ஜீன் சமாளித்துக்கொள்ளும். லேசான வெளுப்பு இருக்கும். வேறு தொந்தரவு பொதுவாக இருக்காது. இவர்களைக் கேரியர் என்கிறோம். டிபன் கேரியர் சாப்பாட்டைச் சுமப்பது போல இவர்கள் பிழையைச் சுமக்கிறார்கள், நோயாளிகள் அல்ல. இருவரிடமிருந்தும் பிழை வந்த குழந்தை மட்டும், ஒரு வயதுக்குள்ளோ இரண்டு வயதுக்குள்ளோ கடுமையாக வெளுக்கும். ஆயுள் முழுக்க மாதந்தோறும் ரத்தம் ஏற்ற வேண்டி வரும்.

இதில் வெட்கப்படவோ மறைக்கவோ ஒன்றும் இல்லை. ஒற்றைப் பிழை உள்ளவர்களைக் கடுமையான மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை. மலேரியா வாட்டிய காலத்தில் அவர்கள் பிழைத்து வாழ்ந்ததால்தான் இந்தப் பிழை இன்றுவரை வந்து சேர்ந்திருக்கிறது. சாபமும் இல்லை, பாவமும் இல்லை.

இரும்பு எதற்கு, எதற்கு இல்லை?

சித்த மருத்துவத்தில் வெளுப்பு நோயைப் பாண்டு என்கிறோம். அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம், கரிசலாங்கண்ணி என்று நல்ல மருந்துகள் இருக்கின்றன. உடம்பில் இரும்பு குறைந்து வந்த சோகைக்கு இவை பயன்படும். ஆனால் இரும்பு குறையாமல், எழுத்துப் பிழையால் வந்த வெளுப்புக்கு இரும்பை ஊட்டி என்ன பயன்? பானையில் அரிசி இருக்கிறது, அடுப்புதான் கோளாறு என்றால், மேலும் அரிசி கொட்டுவது போலத்தான். அதிலும் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியாக் குழந்தைக்கு ஏற்கெனவே இரும்பு அதிகமாகி ஈரலிலும் இருதயத்திலும் படியும். அந்தக் குழந்தைக்கு இரும்புச் செந்தூரம் கொடுப்பது ஆபத்து.

ஆகவே, வெளுப்பு என்றதும் யாரிடம் போனாலும், எங்களிடம் வந்தாலும், முதலில் 'சி.பி.சி.' என்ற சாதாரண ரத்தப் பரிசோதனையைச் செய்து கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு. சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. 80-க்குக் கீழே, ஆனால் சிவப்பணுக்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை, அல்லது கூடுதலாகவே இருக்கிறது. இப்படி இருந்தால் தலசீமியாக் கேரியரோ என்று சந்தேகிக்க வேண்டும். இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும், 'ஹெச்.பி.எல்.சி.' என்ற ஹீமோகுளோபின் பரிசோதனையையும் செய்யுங்கள். ஹெச்.பி.எல்.சி.யில் 'ஹெச்.பி. ஏ2' என்ற அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கேரியர்தான். இரும்புக் குறைவும் சேர்ந்து இருந்தால் இந்த அளவு குறைத்துக் காட்டலாம். அதனால் முடிவை டாக்டரே சொல்லட்டும். கேரியருக்கும் இரும்புக் குறைவு வரலாம். அப்போது இரும்பு தேவைதான். அளந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜாதகத்தோடு இதையும் பாருங்கள்

கணக்கு எளிது. கணவன், மனைவி இருவரில் ஒருவர் மட்டும் கேரியர் என்றால், எந்தக் குழந்தைக்கும் கடுமையான தலசீமியா வராது. இருவருமே கேரியர் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடுமையான நோயோடு பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு, கேரியராகப் பிறக்க நான்கில் இரண்டு, பிழையே இல்லாமல் பிறக்க நான்கில் ஒன்று. 'முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது' என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் சீட்டு புதிதாகக் குலுக்கப்படுகிறது.

சொந்தத்தில் சம்பந்தம் செய்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அத்தை மகனும் மாமன் மகளும் ஜீன்களில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பொதுவாக உள்ளவர்கள். தாய்மாமனும் அக்காள் மகளும் என்றால் நான்கில் ஒரு பங்கு. குடும்பத்தில் ஒரு பிழை ஓடிக்கொண்டிருந்தால், அது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். முறைப்பெண்ணைக் கட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள் என்கிறேன்.

சைப்ரஸ் என்ற சிறிய தீவில் ஒரு காலத்தில் தலசீமியாக் குழந்தைகள் ஏராளமாகப் பிறந்தன. 1970-களிலிருந்து பரிசோதனையைப் பரவலாக்கி, கல்யாணத்துக்கு முன்பே பார்க்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தார்கள். அங்கே புதிதாகப் பிறக்கும் தலசீமியாக் குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. கல்யாணம் முடிந்தவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இருவரும் கேரியர் என்று தெரிந்தால், 10 முதல் 12 வாரத்துக்குள் சிசுவின் டி.என்.ஏ.யைப் பரிசோதித்துச் சொல்லும் வசதி பெரிய மருத்துவமனைகளில் உண்டு.

ஏட்டைத் திருத்த முடியுமா?

மூல ஏட்டில் உள்ள பிழையை எந்த லேகியமும் எந்தச் செந்தூரமும் மாற்றாது. 'ஜீனையே மாற்றிக் காட்டுகிறோம்' என்று சூரணமோ பவுடரோ விற்றால், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சித்த மருத்துவன் என்ற முறையில் இதை நான் சொல்லத்தான் வேண்டும்.

பிழை இல்லாத எலும்பு மஜ்ஜையை, பொருந்துகிற உடன்பிறப்பிடமிருந்து எடுத்துச் செலுத்தினால் தலசீமியா குணமாகும். வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும், நோயாளியின் சொந்த மஜ்ஜை அணுக்களில் டி.என்.ஏ.யைக் கத்தரித்துச் செய்யும் அரிவாள் செல் சிகிச்சைக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தன. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோய்க்குச் சரியான ஜீனை மஜ்ஜை அணுக்களில் சேர்த்துக் கொடுத்த சிகிச்சையை, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஐந்து நோயாளிகளிடம் செய்து, 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். வழி திறந்திருக்கிறது. ஆனால் எல்லோர் கைக்கும் எட்டுகிற செலவில் இவை இன்னும் வரவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது, எழுதியிருப்பதைப் படித்துத் தெரிந்துகொள்வது. வீட்டில் பரம்பரையாக வெளுப்பு இருந்தால் இந்த மாதமே ஒரு சி.பி.சி. செய்துகொள்ளுங்கள். கேரியர் என்று வந்தால் அண்ணன், தம்பி, அக்காள், தங்கைகளுக்கும் சொல்லி அனுப்புங்கள். அதே ஜீன் அவர்களிடமும் இருக்கலாம். வரன் பார்க்கிற பிள்ளைகள் இருந்தால், ஹெச்.பி.எல்.சி. முடிவை ஜாதகத்தோடு ஒரே கவரில் வைத்துவிடுங்கள்.